'நல்ல நாஜி' என்றொரு பூசணிக்காய்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் சொல்வார்: "எல்லா நாஜியும் ஒன்றில்லை. ஆல்பர்ட் ஸ்பியர் என்று ஒருவர் இருந்தார். செய்த தப்பை ஒத்துக்கொண்டவர்." படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள்.

எதை ஒத்துக்கொண்டார்? சூது அங்கேதான் இருக்கிறது.

நியூரம்பர்க் விசாரணையில் மற்றவர்கள் மேலிடத்து உத்தரவு என்று கைவிரித்தபோது, ஆட்சித் தலைமையில் இருந்தவன் என்ற முறையில் தனக்கும் பொறுப்பு உண்டு என்றார் ஸ்பியர். பொதுவில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. குறிப்பாக எதற்கும் இல்லை. யூதர்கள் கொல்லப்பட்டது தனக்குத் தெரியாது, விசாரித்துத் தெரிந்துகொள்ளாததே தன் குற்றம் என்பது பின்னாளில் அவர் பாடிய பல்லவி. 'குடும்பக் கடனுக்கெல்லாம் நானே பொறுப்பு' என்று பஞ்சாயத்தில் முழங்கிவிட்டு, தான் கைநாட்டு வைத்த பத்திரத்தை மட்டும் ஒளித்துவைப்பவனின் சாமர்த்தியம் இது.

பலனும் கிடைத்தது. போர்த்தளவாட அமைச்சர் ஸ்பியர் ஆலைகளுக்கு ஆள் கேட்டார்; ஃபிரிட்ஸ் சாக்கல் ஐரோப்பா முழுக்க ஆள் பிடித்து அனுப்பினார். பிடித்துக் கொடுத்த சாக்கலுக்குத் தூக்கு. கேட்டு வாங்கிய ஸ்பியருக்கு 20 ஆண்டுச் சிறை. பின்வாங்கும்போது ஜெர்மனியின் ஆலைகளையும் பாலங்களையும் தகர்க்கச் சொன்ன ஹிட்லரின் உத்தரவை அவர் எதிர்த்ததை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகக் கணக்கில் எடுத்தது. எதிர்த்தது உண்மைதான். ஆனால் அதில் தப்பியவை ஆலைகள்; அவற்றில் செத்துக்கொண்டிருந்த அடிமைகள் அல்ல.

1966-ல் ஸ்பாண்டாவ் சிறையிலிருந்து விடுதலை. 1969-ல் நினைவுக் குறிப்புகள், 1975-ல் சிறை நாட்குறிப்பு. இரண்டும் அமோகமாக விற்றன. ஹிட்லரின் கட்டடக் கலைஞர், வருந்தும் கனவான் என்று பேட்டிக்குப் பேட்டி உலா வந்தார்.

ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. பெர்லினை மாற்றிக் கட்டும் பொறுப்பில் இருந்தபோது, யூதர்களை ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து வெளியேற்றியதில் முன்னின்றது அவருடைய அலுவலகம். அந்த அலுவலகத்தின் குறிப்பேட்டைப் படியெடுத்த நண்பர், இந்த விவரங்களை வெட்டிவிட்டார். அது தெரிந்த பிறகும் ஸ்பியர் வாய் திறக்கவில்லை. 1942 செப்டம்பரில் ஆஷ்விட்ஸ் முகாமை விரிவாக்க 1.37 கோடி மார்க் அளவுக்கான கட்டுமானத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அவர்தான்.

வி-2 ராக்கெட் செய்த டோரா சுரங்கத்துக்கு 1943 டிசம்பரில் நேரிலேயே போனார். கைதிகள் குகைக்குள்ளேயே தூங்கி, குகைக்குள்ளேயே செத்த காலம் அது. போய்வந்த கையோடு, அந்த வேலையை நடத்திய, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி காம்லருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். அந்த முகாம் தொகுதிக்கு அனுப்பப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் உயிரோடு திரும்பவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிதம். 1943 அக்டோபர் 6 அன்று போஸன் நகரில், யூதர்கள் அனைவரையும் கொல்வது பற்றி நாஜித் தலைவர்களிடம் வெளிப்படையாகப் பேசினார் எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர். அதற்கு முன்பே தான் புறப்பட்டுவிட்டதாக ஸ்பியர் ஊரறியச் சாதித்தார். ஆனால் 1971-ல் தனிப்பட்ட கடிதம் ஒன்றில், அந்தப் பேச்சின்போது தான் அங்கே இருந்ததாக எழுதியிருக்கிறார். அது வெளியே வந்தது 2007-ல். அவர் 1981-லேயே லண்டனில் இறந்துவிட்டார், பேட்டி கொடுக்கப் போன இடத்தில்.

"வருந்தினாரே, அது போதாதா?" என்பார்கள். போதாது. வருத்தம் உண்மையானால் அதற்குத் தேதி இருக்கும், இடம் இருக்கும், செத்தவர்களின் கணக்கு இருக்கும். ஸ்பியரின் வருத்தத்தில் இவை எதுவும் இல்லை. கண்ணீர் மட்டும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர். பரிமாறியதைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டவர்கள் நாம்.

இனி யாராவது 'நல்ல நாஜி' என்று தொடங்கினால், டோராவின் கணக்கை முதலில் சொல்லுங்கள்.