விமானம் பிடிக்க ஒரு காமிரா

சென்ற மாதம் திருமுக்கூடலுக்குப் போயிருந்தோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், மணலில் நின்றுகொண்டு, நண்பரின் குமாரன் வெகு உயரத்தில் போன ஆகாய விமானம் ஒன்றைத் தன் கைபேசியில் படம் பிடித்தான். பிடித்ததை நம்மிடம் காட்டினான். படத்தில் நீலவானம் இருந்தது. நடுவே கொசு ஒன்றும் இருந்தது.

"பெரிய காமிரா வாங்கினால் சரியாகிவிடும் அல்லவா, மாமா?" என்றான். மூன்று மாதச் சம்பளத்தை அதற்கென்றே சேர்த்திருக்கிறானாம். வீட்டு ஓடு மாற்ற வேண்டியிருக்கும் தகப்பனாரோ நம் முகத்தையே பார்த்தார்.

மணலிலேயே கணக்குப் போட்டோம். ஏ-320 விமானத்தின் நீளம் ஏறக்குறைய 37 மீட்டர். அது 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது 300 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்துப் பிடித்தாலும், காமிராவுக்குள் விழும் பிம்பம் 1 மில்லிமீட்டர்தான். பிம்பம் விழும் தகடோ, புதியவர்கள் வாங்கும் காமிராக்களில், சுமார் 24 மில்லிமீட்டர் அகலம். கொசு ஈயாகும், அவ்வளவே பிரயோஜனம்! அதே விமானம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வந்தால், அதே லென்ஸில் பிம்பம் 11 மில்லிமீட்டராகி, தகட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, "முதலில் ரெயில் டிக்கெட் வாங்கு, தம்பி" என்றோம். எதிர்க்கரைப் பழையசீவரத்தில் ஏறிச் செங்கற்பட்டு மார்க்கமாகப் பரங்கிமலை போய்ச் சேரலாம். மலைமேல் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கண்ணெதிரே வரும். காலையில் போவது நலம். வெயில் ஏறினால் காற்று கொதித்துப் படம் நெளியும்.

காமிரா பழையதாகவே இருக்கட்டும். பத்து வருஷத்துக்கு முந்தியதும் இதற்குப் போதும். பணத்தை 70-300 லென்ஸில் போடுவதே புத்தி. அதையும் பழையதாக வாங்குவதானால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல் ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சை; விலை எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். நம் ஊர் ஈரத்தில் அது சகஜம். நாமும் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம்.

ஜெட் விமானத்துக்கு 1/1000 விநாடி வேகம் வேண்டும். சுழல் விசிறி விமானத்துக்கு அந்த வேகம் வைத்தால் விசிறி நின்றுபோனது போலத் தெரியும். 1/250 விநாடிக்கு இறங்கிவர வேண்டும்.

தகப்பனார் முகம் சற்றுத் தெளிந்தது. மலையில் காவலர் வேண்டாமென்றால் கேட்டுக்கொள்ளும்படியும், தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கம் காமிராவை வெளியிலேயே எடுக்க வேண்டாமென்றும் பையனிடம் இருமுறை சொல்லிவிட்டு வந்தோம்.