தசைக்கு ஏது தொனி?

சில மாதங்களுக்கு முன் நம் தெருவில் குடியிருக்கும் இளந்தாய் ஒருவர் ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். அவருடைய ஏழு மாதக் குழந்தைக்குப் பயிற்சி அளிக்கும் இடத்தில் கொடுத்த தமிழ் விளக்கத்தாள் அது. 'குழந்தையின் தசைத்தொனி குறைவாக உள்ளது' என்று அதில் அச்சாகியிருந்தது. "புள்ளைக்குப் பேச்சு வராதுன்னு சொல்றாங்களா சார்?" என்று கேட்டார். கழுத்து நிற்கவில்லை, தூக்கினால் உடல் துவள்கிறது என்பதைத்தான் அத்தாள் சொல்ல வந்தது. தொனி என்ற சொல்லைக் கண்டதும் அவர் குரலை நினைத்தார். தமிழ் அறிந்த எவரும் அப்படித்தான் நினைப்பர். தமிழிலக்கியம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கே அத்தொடர் ஒரு கணம் விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'டோன்' கிரேக்க 'டோனோஸ்' என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. நீட்டி இழுத்தல் என்னும் வினையில் பிறந்த அச்சொல்லுக்கு முதற்பொருள் இழுவிசை. இழுத்துக் கட்டிய நரம்பு எழுப்பும் ஒலிக்கு அப்பெயர் ஏறியது பின்னர்தான். உடலியலார் எடுத்தாள்வது முதற்பொருளையே. ஓய்ந்திருக்கும்போதும் தசை முற்றாகத் தளர்ந்துவிடுவதில்லை. நரம்புகளின் தூண்டலால் சிறிதளவு இழுபட்டே நிற்கிறது. தலை சாயாமல் நிற்பதும், முதுகு சரியாமல் உட்கார முடிவதும் அதனால்தான். இதில் ஒலி எங்கே வந்தது? மருந்துக்கடை டானிக்கும் இதே வேரில் முளைத்ததுதான்: தளர்ந்ததை மீண்டும் இழுத்துக் கட்டும் மருந்து. டெட்டனஸ் என்பதும் அவ்வேரே. அந்நோய்க்குத் தனுர்வாதம் என்று பெயரிட்டவர்கள், நாணேற்றிய வில்லாய் உடல் வளைவதைக் கண்ணால் கண்டு பெயரிட்டார்கள்.

தொனியோ வடமொழி 'த்வனி'. ஒலித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. சொற்பிறப்பாய்வாளர்கள் அதற்கு உறவு காட்டும் ஆங்கிலச் சொல் 'டின்', அதாவது இரைச்சல். வடசொல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாலும், டோனின் உண்மையான உடன்பிறப்பு வீட்டு வாசலிலேயே நிற்கிறது: தந்தி. நீட்டுதல் எனப் பொருள்படும் 'தன்' என்ற வடமொழி வினையும் கிரேக்க வினையும் ஒரே இந்திய-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கிறது என்பதற்காக டோனுக்கும் தொனிக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்கள் குலம் கோத்திரம் விசாரிக்கவேயில்லை.

இத்தனைக்கும் கிரேக்கச் சொல் நடந்த வழி முழுவதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. உடம்பில் ஓடுவது நரம்பு. சங்க நூல்களில் யாழில் கட்டியதும் நரம்பு. சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளில் சுரத்துக்கும் அதுவே பெயர். யாழின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டும் உறுப்புக்கு மாடகம் என்று தனிப்பெயரே உண்டு. இழுவிசைக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர்க்குத் தெரியாததன்று.

இலக்கியவாதிகளாகிய நாம் மருத்துவ மொழிபெயர்ப்பாளரை மட்டும் பழித்துவிட்டு நழுவ முடியாது. 'கவிதையின் தொனி' என்று சிற்றிதழ்களில் நாம் எழுதிக் குவித்திருக்கிறோமே, அது எந்தத் தொனி? ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளிவந்த நூலில் விளக்கிய, கேட்போரிடம் சொல்வோன் கொள்ளும் மனப்பாங்கா? 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் நிறுவிய குறிப்புப்பொருளா? இரண்டும் வெவ்வேறு. ஒரே கட்டுரையில் இரண்டையும் குழப்பியவர்கள் உண்டு. நம் பழைய கட்டுரை ஒன்றும் அதில் அடக்கம். குறிப்புப்பொருளுக்குத் தொல்காப்பியப் பொருளியலில் இறைச்சி என்ற சொல் இருக்கிறது. அதை வகுப்பில் சொன்னால் பின்வரிசை சிரிக்கும். சிரிக்கட்டும், ஊனுக்கும் அதுவே பெயர் என்பதால் சொல் நினைவில் நிற்கிறது.

தசை என்ற சொல்லில் நமக்கு வழக்கில்லை. அது பேச்சில் சதையானது எழுத்து நிலைமாறுதலுக்கு உரிய பாடப்புத்தக எடுத்துக்காட்டு. வைசாகி வைகாசி ஆனது போல. இலத்தீன்காரர் தசையை 'மஸ்குலஸ்', அதாவது சுண்டெலி என்றனர். தோலுக்கடியில் ஓடி மறைவதைக் கண்டிருப்பார்கள். தமிழர் காலின் பின்சதையில் கெண்டை மீனைக் கண்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. கெண்டைக்கால் என்று சொல்லிப் பார்த்தால் திரண்ட வடிவம் கண்ணுக்குள் வருகிறது. பார்த்துப் பெயரிடும் அந்தப் பழக்கத்தைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம்.

நாம் முன்வைக்கும் சொல் முறுக்கு. இறுக்கம் என்று எழுதுவோரும் உளர். ஆனால் இறுக்கம் குறைவு என்றால் நல்ல செய்தி போலக் கேட்கிறது. மேலும் ஆட்டிசத்தைப் பலர் மன இறுக்கம் என்று எழுதிவருவதால், குழந்தைகளுக்கான தாளில் அது புதிய அச்சத்தைக் கிளப்பும். விறைப்பு, மிகுந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும். முறுக்கோ குறையவும் செய்யும், கூடவும் செய்யும். கயிற்றுக்கும் உண்டு, உடம்புக்கும் உண்டு. 'முறுக்கேறிய உடம்பு' என்று சொல்லாத ஊர் எது? தின்பண்டத்தின் பெயராயிற்றே என்று நண்பரொருவர் நகைத்தார். மாவைத் திருகிச் சுற்றுவதால் அதற்கும் அப்பெயர் வந்தது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கலைச்சொல்லுக்கு வரையறைதான் முக்கியம், வழக்குப்பொருள் பார்க்க வேண்டியதில்லை என்பர். வகுப்பறையில் அது சரி. அங்கே வரையறை சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருக்கிறார். அச்சிட்ட தாளோடு வீட்டுக்குப் போகும் தாய்க்கு அகராதி அவருடைய பேச்சுவழக்கு ஒன்றுதான்.

அந்தத் தாளில் தொனியைப் பேனாவால் அடித்து, மேலே முறுக்கு என்று எழுதிக் கொடுத்தோம். வாசித்துப் பார்த்துவிட்டு, "அதான் தூக்கினா துவளுதா?" என்றார். அடுத்த முறை போகும்போது தாளை அங்கே காட்டச் சொல்லியிருக்கிறோம்.