கரும்புகை வந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: ‘‘டிராக்டர் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ரோட்டவேட்டர் ஓட்டினால் கரும்புகை தள்ளுகிறது. இழுவையும் குறைந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நகையை அடகு வைத்துத்தான் செய்ய வேண்டும். வேறு வழி உண்டா?’’
- வாசகி, மணப்பாறை.

பதில்: அடகுக் கடைக்குப் போகும் முன் புகையின் நிறத்தைக் கவனியுங்கள். ரிங் தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் நீலப்புகை விடும். இன்ஜின் ஆயிலும் குறைந்துகொண்டே வரும். கரும்புகை என்றால், எரியும் டீசலுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். எனவே, முதலில் பார்க்க வேண்டியது ஏர் கிளீனர்.

ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் என்றால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சிறிது நேரம் கழித்துக் கீழ்க்கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கிண்ணத்தையும் கம்பி வலையையும் டீசலில் கழுவி, உலரவிட்டு, புது ஆயிலைக் குறியிட்ட அளவு வரை மட்டும் ஊற்றுங்கள். அளவு மீறினால் அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சி, கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும் ஆபத்து உண்டு. புழுதி உழவு, கதிரடிப்புக் காலங்களில் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

காகித ஃபில்டர் என்றால், வெளி ஃபில்டரை மட்டும் எடுத்து, உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடியுங்கள். டீசலில் கழுவுவதும் கல்லில் தட்டுவதும் கூடாது. உள் ஃபில்டரைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய். அதில் வெடிப்போ, கிளாம்ப் தளர்வோ இருந்தால் வடிகட்டாத புழுதி நேராக உள்ளே போகும். இன்று கவனிக்காத வெடிப்புதான், பின்னால் ரிங்கையும் லைனரையும் தேய்த்து உண்மையாகவே இன்ஜினைப் பிரிக்க வைக்கும்.

இவை சரியாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால், ரோட்டவேட்டரின் ஆழத்தைக் குறைத்து, கீழ் கியரில் ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் காரணம் அதிக பாரம். குறையாவிட்டால் பம்ப் கடையில் நாசிலைச் சோதியுங்கள். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால், கம்ப்ரஷன் அளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் மட்டுமே இன்ஜினைப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டும்.

வெண்புகை வேறு கதை. குளிர்ந்த இன்ஜினில் காலையில் சற்று நேரம் வருவது இயல்பு. சூடான பிறகும் தொடர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், உடனே நிறுத்தி ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் வந்துள்ளன. அவ்வகைப் புது வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஒயரைத் துண்டித்து விளக்கை அணைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது டீசல் குழாயைத் தளர்த்தவும் கூடாது. அதிலுள்ள அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். அந்த வேலையைச் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.