புதிய கைபேசியும் பழைய பூட்டும்



செப்டம்பர்த் திங்கள் அணுகுந்தோறும் நம் இளைஞரிடையே ஒரு பரபரப்பு எழக் காண்கிறோம். ஆப்பிள் நிறுவனம் தன் புதுக் கைபேசியை அறிமுகப்படுத்தும் காலம் பெரும்பாலும் அதுவே. அடுத்து வருவதில் புகைப்படக் கருவி எத்தகையது, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், செயற்கை அறிவு என்னென்ன செய்யும் என்பனவே பொம்மசந்திராத் தொழிற்பேட்டைத் தேநீர்க் கடைகளில் அப்போது பேச்சு. 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற மஞ்சள் வழி மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரை செல்லும் 19 கிலோமீட்டர் தொலைவிலும் இதே பேச்சுத்தான்.

அடுத்த கைபேசியை எதிர்நோக்குவது தவறன்று. ஆனால் அதற்கு முன்பாக, வீட்டில் இருக்கும் கணிப்பொறியைக் காவலுக்கு உட்படுத்துதல் வேண்டும். இம்மாதம் நாம் சொல்ல விழைவது இஃதொன்றே.

கைபேசியின்மீது நம்மவர்க்கு ஆர்வம் மிகுதியாவதில் வியப்பில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களிலேயே அவை உருவாகின்றன. கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில் விஸ்ட்ரான் நிறுவனம் நடத்திய ஐபோன் தொழிற்சாலையை 2023இல் டாடா நிறுவனம் வாங்கியது. தேவனஹள்ளியில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை எழுந்துள்ளது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் வரும் ஓசூரின் அருகே, டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பெண்மக்கள் பெருந்தொகையினராக வேலை செய்கின்றனர். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் விரலால் தொடும் கருவி, நம் ஊர்த் தங்கையின் கை பட்டதாகவும் இருக்கக்கூடும்.

கைபேசி வளர்ந்த வரலாறும் வியப்புக்குரியதே. நம் நாட்டில் முதற் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31இல் நிகழ்ந்தது. அந்நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். 2007இல் ஐபோன் வந்தது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டுக் கைபேசி வந்தது. ஐபோனில் 2013இல் விரல்ரேகையும் 2017இல் முகமும் திறவுகோலாயின. 2019இல் சாம்சங் நிறுவனம் மடித்து வைக்கும் கைபேசியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2022இல், கோபுரம் எட்டாத இடத்திலிருந்தும் விண்கோள் வழியே உதவி கோரும் வசதி முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24, தொலைபேசிப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லிற்று. அன்று அதற்குத் தெரிந்திருந்த 13 மொழிகளுள் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. வருங்காலக் கைபேசியிடம் நாம் எதிர்பார்க்கும் சிறப்புகளுள் தாய்மொழியும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்பெறாத சிறப்பு ஒன்றும் உண்டு. எத்தனை ஆண்டுகளுக்கு இக்கைபேசிக்குப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவார்கள் என்பதே அது. கைபேசியாயினும் கணிப்பொறியாயினும், அதனை இயக்கும் மென்பொருளில் ஓட்டைகள் பின்னர்த் தெரியவரும். செய்தவர் அவற்றை அடைத்து அனுப்புவதையே 'அப்டேட்' என்கிறோம். அது நின்றுவிட்டால், கருவி பார்வைக்குப் புதிதாக இருப்பினும் காவலற்றதாகிவிடும். 2023இல் வந்த கூகிள் பிக்சல் 8க்கும், அடுத்து வந்த எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் என்று உறுதி கூறப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, விற்பனை முடிந்த பின்னும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் திருத்தம் தர வேண்டும் என்று 2025 ஜூன் முதல் விதித்துள்ளது. மலிவான கைபேசிகள் பலவற்றில் இக்காலம் மிகக் குறைவு. கடைக்குச் செல்லும் அன்பர்கள், எத்தனை மெகாபிக்சல் என்று வினவுமுன் எத்தனை ஆண்டு என்று வினவுவார்களாக.

இனி வீட்டுக்குள் வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து இங்கு வந்த குடும்பங்கள் பலவற்றில், தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு முதல் பிளஸ் டூ மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று இருக்கக் காணலாம். அன்றேல், தவணையில் வாங்கிய வேறொரு கணிப்பொறி இருக்கும். சட்டைப் பையில் உள்ள கைபேசியை நாளுக்கு நூறு முறை துடைத்துப் பார்க்கும் நாம், மூலையில் இருக்கும் அதனை நினைப்பதில்லை. அதனுள் இருப்பவை யாவை? ஊரில் உள்ள நிலத்தின் பட்டாப் படி, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், திருமணப் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரல்! ஊரைவிட்டு வந்தவர்க்கு இவையே ஊர். ஒரு பெட்டியில் அடங்கிய குடும்ப வரலாறு இவை.

அப்பெட்டி காவலின்றி இருந்தால் என்னாகும் என்பதற்கு 2017 மே 12ஆம் நாள் சான்று. 'வான்னகிரை' என்னும் தீய நிரல் அன்று உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளிலுள்ள கோப்புகளை அது பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமாயின் பணம் தருக என்று கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. திருமலை தேவஸ்தானத்து அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் தப்பவில்லை. இதில் நாம் கருத வேண்டிய செய்தி வேறொன்று. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு திங்கள் அவகாசம் இருந்தும், பிறகு பார்ப்போம் என்று விட்டவர்களே பெரிதும் சிக்கினர். 2022 நவம்பர் 23இல் இத்தகைய தாக்குதலுக்கு ஆளான டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, இரண்டு வாரம் போலக் கையெழுத்திலேயே பதிவுகளை நடத்த வேண்டியதாயிற்று. அத்துணைப் பெரிய நிலையங்களே அல்லலுற்றன எனின், தனிக் குடும்பம் எம்மாத்திரம்?

ஆகவே முதற்கண் உங்கள் கணிப்பொறியின் வயதை அறிக. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடனும் வழக்கமான திருத்தங்கள் முடிவுற்றன. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டார் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அது பாலமே அன்றி வீடு அன்று. கருவி இடங்கொடுக்குமாயின் விண்டோஸ் 11க்கு மாறுதல் நன்று. பழைய கருவி அதற்கு ஏற்காது என்றால் அதனைப் பழைய இரும்புக்குப் போட வேண்டுவதில்லை. லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கிறது; பழைய கருவிகளிலும் ஓடும்; தமிழிலும் எழுதலாம். நம் நாட்டிலேயே சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அடுத்து, கணிப்பொறியில் 'நிர்வாகி' கணக்கு ஒன்றும், அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றுமாகப் பிரித்து வைத்தல் வேண்டும். பிள்ளைகள் விளையாட்டொன்றை இலவசம் என்று நம்பி இறக்கினாலும், நிர்வாகியின் கடவுச்சொல் இன்றி அது வீடு முழுதும் பரவுதல் கடினம். விலை கொடுக்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக இலவசம் ஆக்கித் தரும் நிரல்களே தீய நிரல்களுக்குப் பெருவழி. விண்டோஸுடன் வரும் 'டிஃபெண்டர்' என்னும் காவல் மென்பொருளை அணைக்காமல் விட்டாலே பெரும்பாலான இல்லங்களுக்குப் போதும்.

மூன்றாவதாக, சுவரில் தொங்கும் வைஃபை ரௌட்டர். இதுவே வீட்டின் தலைவாயில். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட ரௌட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் 'மிராய்' என்னும் நிரல் கைப்பற்றி ஒரு படையாகத் திரட்டியது. 2016 அக்டோபர் 21இல் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல அதனால் முடங்கின. தம் வீட்டுக் கேமரா அப்படையில் சேர்ந்ததை அதன் உரிமையாளர் அறிந்திருக்க வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

நான்காவது, இரட்டைச் சரிபார்ப்பு. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்க்கும் நமக்கு இதனை விளக்க ஓர் உவமை கைவசம் உண்டு. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வாராதிருக்க, நம் நாட்டில் பல்லாண்டுகள் 'டோக்கன்' என்னும் உலோகப் பந்தைக் கையாண்டனர். அடுத்த நிலையத்தார் இசைவு தந்தாலன்றி இந்நிலையத்துப் பெட்டியிலிருந்து அப்பந்து வெளிவாராது. அது கையில் இன்றி ஓட்டுநர் வண்டியைச் செலுத்தார். இருவர் இசைந்தால்தான் வழி! மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் கடவுச்சொல் ஒன்று, கைபேசிக்கு வரும் ஓடிபி மற்றொன்று என வைத்துள்ளமையும் அம்முறையே. டோக்கனை வழியில் காண்போர் கேட்டால் ஓட்டுநர் கொடுப்பாரோ? அவ்வாறே, யார் கேட்பினும் ஓடிபியைச் சொல்லலாகாது.

ஐந்தாவது, படி எடுத்து வைத்தல். முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் திங்கள்தோறும் பதிந்து, பதிந்தவுடன் அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். மாட்டியபடியே விட்டால், தீய நிரல் அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் செலவு இது.

நம்மவரைக் குறிவைக்கும் வலைகளையும் ஈண்டுக் கூற வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்ல நாம் படும் அவசரத்தை வஞ்சகர் நன்கறிவர். 2023 ஏப்ரலில் ஐஆர்சிடிசி பெயரில் போலி ஆப் ஒன்று செய்திகளின் வழியே பரப்பப்படுவதாக அந்நிறுவனமே எச்சரித்தது. பயணச்சீட்டுக்குரிய ஆப்பைக் கைபேசியின் முறையான கடையிலிருந்தே பெறுக. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து பெறற்க. காவல் அதிகாரி போல் உடையணிந்து, உம்மை 'டிஜிட்டல் கைது' செய்துவிட்டோம் என்று வீடியோவில் மிரட்டுவோரும் உளர். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதனை எடுத்துரைத்தார். பகலில் வீட்டில் தனித்திருக்கும் தாய்மார்க்கும் முதியோர்க்கும் இதனை இன்றே சொல்லி வைத்தல் நம் கடமை.

பணம் பறிபோய்விட்டால், வெட்கி வாளாவிருத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த முதல் சில மணி நேரமே உதவும். மொழி தெரியாத ஊரில் யாரிடம் போவது என்று தயங்கி நிற்போர் நம்மிடையே உளர். அவர்க்குப் பக்கத்து வீட்டுத் தமிழர் துணை நிற்க வேண்டும். கைபேசியே களவு போனால், 2023இல் தொடங்கப்பெற்ற 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தந்து அதனைப் பயனற்றதாக்கலாம். அவ்வெண்ணை அறிய நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என அழுத்துக. அறிந்து, கைபேசியில் அல்லாமல் ஒரு தாளில் எழுதி வைக்க.

இவை அனைத்திற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு செய்க. அவர்கள் கை விரைவானது, நம் கருத்து நிதானமானது, இரண்டும் சேர்ந்தால் வேலை செம்மையாகும். ஊதியத்தில் சிறுகச் சிறுக எடுத்து வைத்து அடுத்த கைபேசியை வாங்கவிருக்கும் நம் தம்பி தங்கையர் மகிழ்வுடன் வாங்குக. அதில் வரப்போகும் புதுமைகள் நம்மைத் தேடித் தாமே வரும். ஓட்டையை அடைக்கும் வேலை மட்டும் தானே நடவாது. நாம்தான் செய்ய வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் அறிந்த வழி அன்றோ?