இரவு டியூட்டி

வைத்தியக் கல்லூரியில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் நடக்கும் அமர்க்களத்தை நேயர்கள் அறிவார்கள். அண்டை அயலாருக்கெல்லாம் சர்க்கரை போகும். சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று தகப்பனார் ஆயிரம் விசாரிப்பார். இரவெல்லாம் வார்டில் நிற்க வேண்டிய காலத்தில் குழந்தை எந்த அறையில் தலை சாய்க்கும், அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று விசாரித்த தகப்பனாரை நாம் இதுவரை கண்டதில்லை.

இது அற்பக் கேள்வி அன்று. கல்கத்தாவில் ராதா கோவிந்த கர் என்ற வங்காளி டாக்டர், நம்மவர் வைத்தியம் கற்க வேண்டுமென்று 1886-ல் தொடங்கிய பள்ளி, இன்று அவர் பெயராலேயே ஆர். ஜி. கர் வைத்தியக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே 2024 ஆகஸ்டு 9-ந் தேதி, மேற்படிப்பு படித்து வந்த 31 வயது லேடி டாக்டர் ஒருவர் கற்பழிக்கப்பட்டுக் கொலையுண்டார். 36 மணி நேர வேலைக்கு நடுவே சற்றுக் கண்ணயர அவர் சென்றது ஓய்வறைக்கு அல்ல, ஸெமினார் ஹாலுக்கு. குற்றவாளியும் சுவரேறிக் குதித்த திருடன் அல்லன். போலீஸாருக்கு ஒத்தாசையாக அமர்த்தப்பட்டு, ஆஸ்பத்திரிக்குள் தாராளமாக நடமாடி வந்தவன். 2025 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்து, ஆகஸ்டு 20-ந் தேதி ஒரு தேசியப் பணிக் குழுவை நியமித்தது. அந்த உத்தரவில் கண்டுள்ள குறைகள் எவை? இரவு வேலை பார்ப்பவர்களுக்குப் படுக்கப் போதிய இடமில்லை. ஆடவருக்கும் பெண்டிருக்கும் தனித்தனி அறை பெரும்பாலும் இல்லை. கழிப்பிடம் போதாது. ஹாஸ்டலுக்குத் திரும்ப வண்டி வசதியில்லை. தேசத்தின் உச்ச நீதிமன்றம் கட்டிலையும் கழிப்பிடத்தையும் பற்றி உத்தரவெழுத நேர்ந்ததே!

நம்மிடம் வாசித்த பெண் ஒருத்தி ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், பழைய சாமான்கள் அடைத்த அறையொன்றே அவர்களுக்கு ஓய்வறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, அவளே கடையில் ஒன்று வாங்கித் தச்சனைக் கொண்டு பொருத்தினாளாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டமில்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலும் ஓர் உயிர் போன பிறகுதான் அது விழித்துக் கொள்ளுகிறது. 1996-ல் சிதம்பரத்தில் முதல் வருஷ வைத்திய மாணவன் ஒருவன் கொலையுண்ட பிறகே, தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. கேரளத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்களைக் காக்க 2012 முதலே சட்டம் இருந்தது. ஆயினும் 2023 மே 10-ந் தேதி கொட்டாரக்கரையில், சிகிச்சைக்காகப் போலீஸாரே அழைத்து வந்த மனிதன், கத்தரிக்கோலை எடுத்து ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணைக் குத்திக் கொன்றான். அடுத்த வாரமே அச்சட்டத்தைக் கடுமையாக்க அவசரச் சட்டம் தயாராயிற்று. நம் மாகாணத்திலும் 2008 முதல் இத்தகைய சட்டம் உண்டு.

ஆஸ்பத்திரிகளில் ஆத்திரம் எப்போதும் இளையவர் மேலேயே பாய்வதற்குக் காரணம் இருக்கிறது. நள்ளிரவில் பெரிய டாக்டர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். படுக்கையருகே நிற்பது படிக்கிற பிள்ளை. “உங்கள் தகப்பனார் தவறிவிட்டார்” என்ற சொல்லை 23 வயதுக் குழந்தையின் வாயிலிருந்தே பத்துப் பன்னிரண்டு உறவினர் சூழ்ந்து நின்று கேட்கிறார்கள். அப்போது கையை ஓங்குகிறவர் யார்? வேறு லோகத்தவரா? நம்மைப் போன்ற குடும்பஸ்தர்தாம். தம் பெண்ணை இன்னொரு ஊர் வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே இன்னொருவர் பெண்ணை அதட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு. நோயாளிக்கு ஒரு துணை, மரணச் செய்தியைச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் என்ற இரண்டு ஏற்பாடுகள் பாதிச் சண்டையைத் தடுக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

“கேட்டால் பிள்ளையின் மார்க்கில் கை வைத்துவிடுவார்களே!” என்று சிலர் அஞ்சக்கூடும். அப்படியானால் தனியாகப் போக வேண்டாம். பத்துப் பெற்றோர் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு டீனிடம் கொடுக்கட்டும். அதில் எழுதவேண்டியது நாலைந்து வரிதான்: ஓய்வறை எங்கே, வெளியார் வார்டுக்குள் வராமல் தடுப்பவர் யார், உட்புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார், இரவு இரண்டு மணிக்கு ஆபத்தென்றால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் எடுப்பவர் யார்?