முட்டை நின்ற பிறகு

2016-இல் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் மூன்று பழுப்புக் கோழிகள். கழுத்தில் இறகே இல்லை, அலகு நுனி வெட்டியிருந்தது. "என்னம்மா, சீக்குக் கோழியா?" என்றேன். "இல்லப்பா, பண்ணையில ரெஃபோர்ம் ஆனதுங்க" என்றாள்.

பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று கழித்து அனுப்பிய ஆளுக்குச் சொல்கிற வார்த்தை அது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கும், எங்கள் தெரு சொல்தா பெரியவர்களுக்கும் பழக்கமானது. கோழிக்கும் அதுதான் என்று அன்றுதான் தெரிந்தது.

கூண்டுக்கோழி இருபது வார வயதில் முட்டையிடத் தொடங்கும். வருஷத்துக்கு முந்நூறு வரை இடும். ஒன்றரை வயது தாண்டினால் முட்டை குறையும், ஓடு மெலியும், தீவனச் செலவு கட்டாது. உடனே லாரி. நாமக்கல்லிலும் இதே கணக்குதான். 2012 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வெறுங்கம்பிக் கூண்டு கூடாது. அதற்குப் பதில் வந்த கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர். நான் காலமெல்லாம் புரட்டிய ஏ4 தாள் 623. பெரிய மாளிகைதான்!

அந்தக் கோழிகள் முதல் இரண்டு நாள் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் ஒன்று வெளியே வந்து, மண்ணைக் கிளறி, படுத்துப் புரண்டு, இறக்கையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டது. யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. நான் காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் கறிக்கடையில் இரண்டு வெள்ளை முட்டைக்கோழி உயிரோடு வாங்கி வந்தேன். "ஏங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் மனைவி. இல்லைதான். கால்நடை டாக்டர், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளோடு உடனே விடாதீர்கள், வெள்ளைக்கழிச்சல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவும் என்றார். தனியாக வைத்தோம். முட்டைக்கோழித் தீவனம், கிளிஞ்சல் தூள், நிழலில் தண்ணீர். ஏழாவது மாதம் ஒன்று செத்தது. முட்டை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஓயாமல் முட்டையிட வளர்த்த ஜாதிக்கு இது வருவதுண்டாம். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இரண்டு கோழியைக் காப்பாற்றினால் பண்ணை மாறிவிடுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாறாது. காலியான கூண்டில் மறுவாரமே புதுக்கோழி ஏறும். பண்ணைக்காரரையும் நான் திட்டமாட்டேன், காலையில் ஆம்லெட் தின்கிறவன் நான். என் கோபம் வேறு. "பாவம்" என்று வாங்கிப்போய், மூன்று மாதம் முட்டை எடுத்து, நின்றதும் அதே கறிக்கடைக்கு அனுப்புகிறார்களே, அவர்கள்மேல். அதற்கு முதல் நாளே குழம்பு வைத்திருக்கலாம். முட்டை நின்ற பிறகும் தீவனம் போடத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். என்னிடமும் அரசாங்கம் இப்போது எந்த ஃபைலும் கேட்பதில்லை, ஒன்றாம் தேதி பென்ஷன் மட்டும் வந்துவிடுகிறது.

மிச்சமிருந்த கோழி இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கடைசி ஒரு வருஷம் முட்டையே இல்லை. மல்லிகைத் தொட்டியைக் கிளறிப்போடும், மனைவி கத்துவாள். மத்தியானச் சோற்றில் ஒரு பிடி அதற்கென்று எடுத்து வைப்பதும் அவள்தான்.