கிறிஸ்தவ சபையின் வருங்காலம்

டிசம்பர் 31-ந் தேதி இரவு திருத்தணிகை மலையடிவாரத்தில் நிற்போர் ஒரு விசித்திரத்தைக் காண்பர். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளிலும், படிக்கொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் மலையேறும். முடிவது ஆங்கில வருஷம். பாடப்படுவது அருணகிரிநாதர் வாக்கு. புது வருஷ தினத்தன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் வாசலிற் காத்து நின்ற நம்மவர்களைக் கண்டு மனம் நொந்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அன்றைய முதல் வணக்கம் முருகனுக்கே ஆகவேண்டுமென்று நூறாண்டுகளுக்கு முன் தொடங்கி வைத்த வழக்கம் இது. அதே இரவில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களிலும் வருஷக் கடைசி ஆராதனை நடைபெறுகிறது. அந்நியப் பஞ்சாங்கத்தின் ஓர் இரவை இந்து சமூகம் ஒரே தலைமுறையில் தன்னதாக்கிக்கொண்டது. ஐந்நூறு ஆண்டுகளாக இம்மண்ணில் வேரூன்றிய தமிழ்க் கிறிஸ்தவ சபையைப் பார்த்து மட்டும் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று இன்னும் சிலர் சொல்வதற்குக் காரணம் யாது? அதில் அவர்கள் பிழை எவ்வளவு, சபையின் பிழை எவ்வளவு?

வெளிநாட்டுப் பணம் நின்றால் சபையும் நின்றுவிடும் என்பது ஒரு சாரார் கொள்கை. விட்டுவைத்தால் நாட்டையே அது விழுங்கிவிடும் என்பது மற்றொரு சாரார் பீதி. பெரும்பாலும் ஒருவரே காலையில் முன்னதையும் மாலையில் பின்னதையும் சொல்லக் கேட்கிறோம்! 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர். இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டே சொச்சம். இக்கணக்கைப் பார்த்த பின்னும் பயப்படுகிறவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

தமிழைப் பொறுத்தவரை இவர்கள் அந்நியரல்லர். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். இந்திய பாஷை எதிலும் அதற்கு முன் அது அச்சானதில்லை. வீரமாமுனிவரை விட்டுவிட்டுத் தமிழ் அகராதியின் சரித்திரத்தை எழுதமுடியாது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை விட்டுவிட்டுத் தமிழ் நாவலின் சரித்திரத்தையும் எழுதமுடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனங்கள் நம் சங்கீத மரபிலேயே பிறந்தவை. இவ்வளவு செல்வத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, இன்று பல சபைகள் மேல்நாட்டு வாத்தியங்களுக்கும் மேல்நாட்டு மெட்டுகளுக்கும் ஏங்குகின்றன என்பதைக் கேட்கையில் நமக்கு வருத்தமே உண்டாகிறது. நாகஸ்வரம் என்ன பாவம் செய்தது?

திருத்தணிகையின் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் வரலாறு இவ்விஷயத்தில் யோசிக்கத்தக்கது. 1888-ல் பிறந்த அவர் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இந்து தர்மத்தின்மீது பாதிரிமார் தொடுத்த கண்டனங்களே தம்மை நம் சாஸ்திரங்களைத் துருவிப் பார்க்கத் தூண்டின என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற வாதத்துக்கு மறுப்பாக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1908-ல் அச்சாயிற்று. அதாவது, தங்களுக்கு விடை கூறவல்ல மாணவனைத் தங்கள் பள்ளியிலேயே பாதிரிமார் தயாரித்துக் கொடுத்தனர். இதைத் தோல்வி என்பார் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. வாதத்துக்கு இடம் கொடுத்த பள்ளி அது. அதுவே அதன் பெருமை. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் மதப் பிரசார உரிமையைப் பற்றிய விவாதம் மூண்டபோது, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவப் பள்ளிகளிற் படித்தும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று ஸ்ரீ டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து சாட்சி சொன்னார். சட்டத்தின் 25-வது ஷரத்தில் அவ்வுரிமை இடம்பெற்றதற்கு இத்தகைய சாட்சியமும் ஒரு காரணம். 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு, பிரசாரம் செய்யும் உரிமை வேறு, மதம் மாற்றும் உரிமை வேறு என்று வரையறுத்துவிட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

தேசபக்தியிலும் இவர்கள் எவருக்கும் இளைத்தவரல்லர். காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரத்துக்குச் சாஸ்திரம் வகுத்த ஜே.சி. குமரப்பா தஞ்சைக் கிறிஸ்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரான அசரியா நெல்லைச் சீமையில் பிறந்தவர். இரண்டாண்டுகளுக்கு முன்பே எடின்பரோ மகாநாட்டில், இந்தியருக்கு வேண்டுவது துரைமாரின் தயவல்ல, தோழமை என்ற கருத்தை முகத்துக்கு நேரே சொன்னவர். தனித் தொகுதியும் சட்டசபை இடஒதுக்கீடும் வேண்டாமென்று கிறிஸ்தவத் தலைவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தனர். நாடு விடுதலையடைந்து சுமார் ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், முன்பே ஒன்றுபட்டிருந்த பிரஸ்பிடீரிய, காங்கிரிகேஷனல் சபையாரும் கூடித் தென்னிந்தியத் திருச்சபையை நிறுவினர். இங்கிலாந்தில் சாதிக்கமுடியாத ஐக்கியத்தை இங்கே சாதித்தனர். மேல்நாட்டார் மூட்டிய சண்டைகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்ற சுதேசி உணர்ச்சியே அதன் உயிர்.

அந்தச் சபையின் இன்றைய நிலை என்ன? அத்தியட்சர் பதவித் தேர்தல்களும், பள்ளி நியமனங்களும், நகரங்களின் நடுவே கோடிக்கணக்கில் விலைபெறும் நிலங்களும் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்குகின்றன. 2024-ல் சென்னை ஹைகோர்ட்டு, சபையின் தலைமைத் தேர்தல் சம்பந்தமான வழக்கில் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்க நேர்ந்தது. அதன்மேல் அப்பீல்களும் சென்றன. வக்கீல்களுக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் குருமார் ஜபம் செய்யவேண்டிய நேரத்தில் வாய்தா கேட்டு நிற்பதைக் காணும் வாலிபன் என்ன நினைப்பான்? அவன் பக்கத்துத் தெருவில் கொட்டகை போட்ட சிறு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான்; அல்லது எங்குமே போவதில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் இறுக்கப்பட்டதைப் பெரிய ஆபத்தாகச் சிலர் பேசுகின்றனர். தர்ம வைத்தியசாலைகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் அதனால் கஷ்டம் உண்டு. அதை நாம் லேசாகக் கருதவில்லை. ஆயினும் சபைக்கு அது நன்மையாகவும் முடியலாம். வடாற்காட்டுத் திருப்பத்தூரில் 1921-ல் டாக்டர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து தேசத்து டாக்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்து, கதருடுத்தி, திராவிடக் கோயிற் சிற்பமுறையில் ஜபாலயம் கட்டி, ஏழைகளுக்கு வைத்தியம் செய்தனர். அவ்வழியில் எத்தனை பேர் நடந்தனர்?

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, சபையின் வருங்காலத்தை நிர்ணயிக்கப்போவது ஜாதியே என்பது நமது திடமான அபிப்பிராயம். நெல்லை ஜில்லா வடக்கன்குளத்தில் இரு ஜாதியார் தனித்தனியே அமர்வதற்காகக் கால்சட்டை வடிவில் கோயில் கட்டினார்கள்; நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆயிற்று. சரி, அது பழங்கதை என்போமா? திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழும்பிய ஜாதிச் சுவர் நம் காலத்து விவகாரம். 2008-ல் எறையூரில் ஒரே வேதத்தைப் படிக்கும் இரு ஜாதியார் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் வரை சென்று உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இறந்தவனைக்கூடச் சமமாகப் புதைக்கமாட்டாத ஸ்தாபனம், இருப்பவனுக்கு என்ன சமத்துவத்தை அளிக்கப்போகிறது? இந்துக்களாகிய நாம் இதைச் சொல்ல யோக்கியதை உண்டா என்று கேட்பார்கள். நம் ஊர்ச் சேரிகளை வைத்துக்கொண்டு பெருமை பேச நாம் வரவில்லை. ஆனால் 'எங்களிடம் வா, ஜாதி இல்லை' என்று அழைத்தவர்கள் அவர்கள்.

சட்டத்தின் அநீதியும் உண்டு. 1950-ம் ஆண்டு ஷெட்யூல்டு வகுப்பார் உத்தரவு முதலில் இந்துக்களை மட்டுமே குறித்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்குக் கதவு திறக்கவில்லை. சென்னையில் வீதியோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், தம் தொழிலாளித் தோழர்களுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டது என்று சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார். 1985-ல் தோற்றார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையான கொடுமைகள் கிறிஸ்தவ சமூகத்திலும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மதபேதமின்றிச் சலுகை தரச் சிபாரிசு செய்தது. 2022-ல் இதையே ஆராய முன்னாள் பிரதம நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு கமிஷன் நியமிக்கப்பட்டது.

ஆதாரம் இல்லையாம்! ஆதாரம் யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு பங்கின் கல்லறைப் பதிவேட்டிலும், தேர்த் திருவிழா எந்தத் தெரு வரை செல்லும் என்ற வழக்கத்திலும், விவாகப் பதிவிலும் இருக்கிறது. அதை வெளியிட்டால் தங்கள் சபைக்கு இழுக்கு என்றஞ்சி அத்தியட்சர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கின்றனர். அதன் பலனாக அவர்களுடைய ஏழை மக்களே வழக்கில் தோற்கின்றனர். கமிஷனாயினும் நீதிமன்றமாயினும், அத்தியட்சர்கள் தாமே சாட்சிக் கூண்டில் ஏறி, 'எங்கள் ஆலயத்தில் ஜாதி இருக்கிறது. இவை எங்கள் பதிவேடுகள்' என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்கட்டும்.